தாய் சி: கவனத்தை எங்கே வைப்பது?

தாய் சி என்றதும் பெரும்பாலானோருக்கு நினைவுக்கு வருவது, காலை வேளையில் பூங்காவில் நின்று மெதுவாகக் கையை அசைக்கும் முதியவர்கள்தான். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் நம்மவர்கள் இதைக் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே பார்த்திருப்பார்கள், மற்றவர்கள் வீடியோவில். பார்த்ததை வைத்து ஆளுக்கொரு பெயர் கொடுத்துவிடுகிறோம். சீன யோகா என்கிறார் ஒருவர். நின்றபடி செய்யும் தியானம் என்கிறார் இன்னொருவர். உடம்புக்குள் சக்தியை ஓடவிடும் வித்தை என்று சொல்லிக் காசு வாங்குபவர்களும் உண்டு. ‘மனதை ஒருமுகப்படுத்தி அசையுங்கள்’ என்று மட்டும் எல்லாரும் சொல்கிறார்கள், எதன் மீது ஒருமுகப்படுத்துவது என்று கேட்டால் தெளிவான பதில் வராது. புதிதாக வருபவர் அங்கேதான் திணறுகிறார். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, முகத்தில் ஓர் அமைதியை வரவழைத்துக்கொண்டு, கையை மட்டும் அசைத்துப் பார்த்துவிட்டு, கொஞ்ச நாளில் ‘இதில் ஒன்றும் இல்லை’ என்று விட்டுவிடுகிறார்.

எனக்கு அது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் பதில் எளிது. தொடங்குபவரின் கவனம் போக வேண்டிய இடம் பாதம். உடம்பின் எடை இப்போது எந்தக் காலில் இருக்கிறது, எந்தக் காலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, எவ்வளவு போயிருக்கிறது என்பதுதான் முதல் பாடம். கை அசைவு, மூச்சு, அமைதி எல்லாம் இதற்குப் பிறகுதான் வரும்.

## கரண்ட் போன வீட்டில் மாடிப்படி

ராத்திரி கரண்ட் போய்விட்டது, டார்ச் கீழே இருக்கிறது, நீங்கள் மாடியில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். படியில் எப்படி இறங்குவீர்கள்? ஒரு காலை முன்னால் நீட்டி, பாதத்தால் படியைத் தடவிப் பார்ப்பீர்கள். அந்தக் காலில் அப்போது எடையே இருக்காது. பின்னால் இருக்கிற கால்தான் முழங்காலை மடக்கிக்கொண்டு மொத்த உடம்பையும் தாங்கும். படி கிடைத்துவிட்டது, நழுவாது என்று உறுதியானதும்தான் கொஞ்சம் கொஞ்சமாக எடையை முன்காலுக்குக் கொடுப்பீர்கள். இல்லை, அங்கே ஏதோ பாத்திரம் தட்டுப்படுகிறது என்றால் அப்படியே காலைப் பின்னால் இழுத்துக்கொள்வீர்கள்.

அந்த நேரத்தில் உங்களிடம் யாரும் வந்து ‘கவனமாக இரு’ என்று சொல்ல வேண்டியதில்லை. நாளைக்குக் கட்ட வேண்டிய தவணை, காலையில் மேலதிகாரி சொன்ன சொல் எதுவும் நினைவில் இருக்காது. மனம் முழுக்கப் பாதத்துக்குள் இறங்கிவிடும், ஏனென்றால் அங்கே அதற்கு வேலை இருக்கிறது.

தாய் சியின் ஒவ்வோர் அடியும் இப்படித்தான் வைக்கப்படுகிறது. பட்டப்பகலில், சமதரையில், பயம் இல்லாமல், ஆனால் அதே ஒழுங்கில்: முதலில் கால், அப்புறம் எடை.

## சாதாரண நடையில் என்ன நடக்கிறது

நாம் தினமும் நடப்பது அப்படியல்ல. நடக்கும்போது உடம்பு முன்னால் சாய்கிறது, கிட்டத்தட்ட விழுகிறது. விழுந்து முடிவதற்குள் அடுத்த கால் வந்து தாங்கிக்கொள்கிறது. அந்த வேகமே நம்மை அடுத்த அடிக்குக் கொண்டுபோகிறது. இது சிக்கனமான ஏற்பாடு. தசைகளுக்கு வேலை குறைவு, மூளைக்கும் குறைவு. அதனால்தான் நடந்துகொண்டே போனில் பேச முடிகிறது. ஆனால் பாதி அடியில் ‘நில்’ என்றால் நிற்க முடியாது. கால் ஏற்கெனவே போய்விட்டது, எடையும் கூடவே போய்விட்டது.

தாய் சி அந்த வேகத்தின் உதவியை எடுத்துவிடுகிறது. எந்தக் கணத்தில் நிறுத்தினாலும் அப்படியே நிற்க முடிய வேண்டும், எடுத்து வைத்த காலைத் திரும்ப எடுக்கவும் முடிய வேண்டும். இந்த ஒரு நிபந்தனையை வைத்ததும் எல்லாம் மாறிவிடுகிறது. ஒற்றைக் காலில் நிற்கும் நேரம் கூடுகிறது. தொடையும் இடுப்பைச் சுற்றியுள்ள தசைகளும் உடம்பை மெல்ல இறக்கி மெல்ல ஏற்ற வேண்டியிருக்கிறது. பழக்கத்தின் போக்கில் நடந்துகொண்டிருந்த விஷயத்தை மறுபடி கவனித்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

மெதுவாகச் செய்வதற்குக் காரணம் இதுதான். அமைதியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக யாரும் மெதுவாகச் செய்வதில்லை. வேகத்தில் தவறுகள் மறைந்துவிடும், மெதுவாகச் செய்தால் ஒவ்வொன்றும் தெரியும். பத்து நிமிடம் ஒழுங்காகச் செய்தவரின் தொடையைக் கேட்டால் இது ‘லேசான’ பயிற்சியா என்று தெரிந்துவிடும்.

## காலிக் கால், நிறைந்த கால்

இங்கே இரண்டு சொற்கள் தேவைப்படுகின்றன. எடையைத் தாங்கும் கால் நிறைந்த கால். எடை இல்லாமல் தரையைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருப்பது காலிக் கால். தாய் சி முழுவதும் ஒரு கால் காலியாகி மற்றது நிறைவதும், பிறகு அது காலியாகி இது நிறைவதும்தான்.

படித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து செய்து பாருங்கள். தடுமாறும் பழக்கம் இருந்தால் சுவருக்குப் பக்கத்தில் நில்லுங்கள். தோள் அகலத்துக்குக் கால்களை வைத்து, முழங்கால்களை லேசாகத் தளர்த்தி, எடையை மெல்ல வலது காலுக்குக் கொண்டுபோங்கள். இடது கால் காலியாகிவிட்டது என்று தோன்றும்போது அந்தக் காலை ஒரு விரல்கடை உயரத்துக்குத் தூக்குங்கள். தூக்கும் கணத்தில் உடம்பு வலப்பக்கம் ஒரு சின்ன ஆட்டம் ஆடினால், கால் காலியாகவில்லை என்று பொருள். இன்னும் கொஞ்சம் எடை அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது, நமக்குத்தான் தெரியவில்லை. முழுசாகக் காலியான கால், மேல் உடம்புக்குத் தெரியாமலே எழும்பும்.

கிட்டத்தட்ட எல்லாருக்கும் முதலில் அந்த ஆட்டம் வரும். எடை போய்விட்டது என்று நாம் நினைப்பதற்கும் உண்மையில் போனதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போவதுதான் பயிற்சி.

இதில் உங்களுக்கு உதவுவது தன்னுடல் உணர்வு. கண்ணை மூடிக்கொண்டாலும் உங்கள் கை எங்கே இருக்கிறது, முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று தெரிகிறது அல்லவா, அதுதான். தசை, தசைநாண், மூட்டு ஆகியவற்றிலிருந்து இந்தச் செய்தி மூளைக்குப் போகிறது. பாதத்தின் தோல் அழுத்தத்தைச் சொல்லி உதவுகிறது. நாம் விழாமல் நிற்பதற்கு இதோடு கண்ணும் உள்காதும் சேர்ந்து வேலை செய்கின்றன. வயதாக ஆக இவை ஒவ்வொன்றும் கொஞ்சம் மங்குகின்றன. பாதத்திலிருந்து வரும் செய்தியைக் கவனித்துப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வது எந்த வயதிலும் நல்லது, அறுபது தாண்டியவர்களுக்கு ரொம்பவே நல்லது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: சாதாரண நடையில் வேகம் நம்மைச் சுமக்கிறது, தாய் சியில் கால் சுமக்கிறது. கால் முதலில் போகும், எடை பிறகு போகும். எடை எங்கே இருக்கிறது என்று விடாமல் உணர்வதுதான் கவனம்.

## ஓர் அசைவைக் கிட்டப்போய்ப் பார்ப்போம்

அசைவுகளைக் குறிப்பிட்ட ஒழுங்கில் கோத்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நிற்காமல் போவதை வரிசை என்கிறேன். உலகம் முழுக்க அதிகம் கற்றுக்கொடுக்கப்படும் வரிசை 24 அசைவுகள் கொண்டது. 1956-ல் சீன அரசின் விளையாட்டுத் துறை, பழைய நீண்ட வரிசையைச் சுருக்கிப் பொதுமக்களுக்காக அமைத்தது. முழுசாகச் செய்து முடிக்க ஐந்தாறு நிமிடம் ஆகும். அதில் தொடக்க அசைவுக்கு அடுத்து வருவது ‘காட்டுக் குதிரையின் பிடரியைப் பிரித்தல்’. பெயர் கவித்துவமாக இருக்கிறது, செயல் மிகவும் நேரடியானது.

எடை முழுவதும் வலது காலில். இடது கால் உள்ளே வந்து, நுனி மட்டும் தரையைத் தொட, வலது பாதத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. வலது கை நெஞ்சு உயரத்தில், உள்ளங்கை கீழே பார்க்கிறது. இடது கை அடிவயிற்று உயரத்தில், உள்ளங்கை மேலே பார்க்கிறது. ஒரு பந்தை மேலும் கீழும் பிடித்திருக்கும் அமைப்பு.

இப்போது இடுப்பு லேசாக இடப்பக்கம் திரும்ப, இடது கால் முன்னால் போகிறது. குதிகால் முதலில் படுகிறது. எடை இன்னும் வலது காலிலேயே. இந்தக் கணத்தில்தான் அவசரம் வரும். குதிகால் பட்டதும் உடம்பு ‘வந்துவிட்டோம்’ என்று முன்னால் விழப் பார்க்கும். விடாதீர்கள். குதிகால் தரையில் இருக்கிறது, ஆனால் வேண்டுமென்றால் திரும்ப எடுக்கலாம் என்கிற நிலையை ஒரு மூச்சு நேரம் உணர்ந்து பாருங்கள். பிறகு வலது பாதம் தரையைத் தள்ள, எடை மெல்ல முன்னால் வருகிறது, இடது பாதம் முழுவதும் படிகிறது, இடது முழங்கால் மடங்குகிறது. மடங்கிய முழங்கால் கால்விரல் நுனியைத் தாண்டக் கூடாது. எடை முன்னால் வர வர, அதே வேகத்தில் கைகள் பிரிகின்றன: இடது கை கண் உயரத்துக்கு எழுகிறது, வலது கை இடுப்புக்குப் பக்கத்தில் இறங்குகிறது. கால் நிற்கும்போது கையும் நிற்க வேண்டும். கை முதலில் போய்க் காத்திருந்தால் கை தனியாக ஆடுகிறது என்று பொருள், அதுதான் தொடங்குபவர்களிடம் அதிகம் தெரியும் தவறு.

இன்னொன்று. இரண்டு பாதங்களும் ஒரே கோட்டில், ஒன்றுக்கு நேர் முன்னால் இன்னொன்றாக வந்துவிடக் கூடாது. பக்கவாட்டில் ஒரு சாண் அளவாவது இடம் இருக்கட்டும். ‘எனக்குப் பேலன்ஸே இல்லை’ என்று சொல்லும் பலருக்கு உண்மையில் பேலன்ஸ் இருக்கிறது, பாதத்துக்கு நடுவில் இடம்தான் இல்லை.

வரிசையில் இது இடம், வலம், இடம் என்று மூன்று முறை வருகிறது. இதை மட்டும் ஒரு மாதம் செய்தாலும் நேரம் வீணில்லை. 24-ஐயும் பாதி பாதியாகத் தெரிந்துவைத்திருப்பதைவிட அது மேல்.

## தளர்வு என்பது துவண்டுபோவது அல்ல

தாய் சி வகுப்பில் காதில் விழுந்துகொண்டே இருக்கும் சீனச் சொல் ‘சோங்’. தேவையில்லாத இறுக்கத்தை விடுவது என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே ‘தேவையில்லாத’ என்பது முக்கியம். நிற்பதற்குத் தொடை இறுக வேண்டும், அது தேவை. அதற்காகத் தோள் காதுவரை ஏற வேண்டியதில்லை, பல்லைக் கடிக்க வேண்டியதில்லை, விரல்கள் விறைக்க வேண்டியதில்லை. எந்தத் தசைக்கு வேலை, எதற்கு இல்லை என்று பிரித்துப் பார்ப்பதுதான் தளர்வு. அதையும் சொல்லிக் கொண்டுவர முடியாது. ‘தோளைத் தளர்த்து’ என்றால் தளர்த்துவோம், அடுத்த அடியில் மறுபடி ஏறியிருக்கும். கால் உறுதியாகத் தாங்குகிறது என்று உடம்பு நம்பிய பிறகுதான் தோள் தானாக இறங்கும். அதனால்தான் நான் திரும்பத் திரும்பப் பாதத்துக்கே வருகிறேன்.

## மூச்சும் சக்தியும்

மூச்சைப் பற்றித் தொடங்குபவர்களுக்கு ஒரே ஒரு அறிவுரை போதும்: அடக்காதீர்கள். கை ஏறும்போது இழு, இறங்கும்போது விடு என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினால் காலும் போய்விடும், மூச்சும் திணறிவிடும். மூக்கு வழியாக இயல்பாக வந்து போகட்டும். அசைவு பழகியதும் மூச்சு அதனோடு தானே சேர்ந்துகொள்ளும்.

அடுத்து, அந்த ‘சக்தி’ விவகாரம். சீன மரபு உடம்பில் ஓடும் உயிராற்றலைப் பற்றிப் பேசுகிறது. அதன் இருப்பிடமாகத் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, அடிவயிற்றின் உள்ளே ஓர் இடத்தைச் சொல்லி அதைத் தான்தியன் என்று அழைக்கிறது. அதை நம்ப வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்துவிட்டுத்தான் பயிற்சிக்கு வர வேண்டும் என்பதில்லை. ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள்: நிற்கும் மனிதனின் எடை மையம் கிட்டத்தட்ட அதே உயரத்தில்தான் இருக்கிறது. ‘தான்தியனிலிருந்து அசை’ என்று ஆசிரியர் சொன்னால், கையைத் தனியாக வீசாமல் இடுப்பும் அடிவயிறும் முதலில் திரும்ப, கை அதன் பின்னால் வரட்டும் என்று எடுத்துக்கொண்டால் வேலை நடக்கும்.

## இது சண்டைக் கலைதானே?

ஆமாம். ஹெனான் மாகாணத்தில் சென்ஜியாகோ என்ற கிராமத்தில், சென் குடும்பத்தின் தற்காப்புக் கலையாக இது வளர்ந்தது. 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சென் வாங்திங்கைத்தான் வரலாற்று ஆய்வாளர்கள் பலர் தொடக்கமாகச் சொல்கிறார்கள். வூடாங் மலைத் துறவி ஜாங் சான்ஃபெங் உருவாக்கினார் என்பது மரபுக் கதை. 19-ஆம் நூற்றாண்டில் யாங் லூசான் அந்தக் கிராமத்தில் கற்றுக்கொண்டு பீஜிங்குக்குக் கொண்டுபோனார். அவருடைய பேரன் யாங் செங்ஃபு, துள்ளலும் வெடிப்பும் குறைந்த, சீரான, அகன்ற அசைவுகளாக அதை அமைத்துப் பொதுமக்களுக்குப் பரவலாகக் கற்றுக்கொடுத்தார். நாம் பூங்காவில் பார்க்கும் மெதுவான முகம் பெரும்பாலும் அவர் வழி வந்தது. சென் குடும்பத்தின் வரிசைகளில் இன்றும் திடீர் வேகமும், தரை அதிர மிதிப்பதும் உண்டு. 2020-ல் யுனெஸ்கோ இந்தக் கலையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

சண்டையில் உங்களுக்கு ஆர்வம் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அசைவின் பயன் தெரிந்தால் உடம்பு ஒழுங்காக நிற்கும். குதிரைப் பிடரி அசைவில், முன்னால் போன கால் எதிராளியின் காலுக்குப் பின்னால் போய் நிற்கிறது, எழும் கை அவருடைய அக்குளுக்குக் கீழே புகுந்து அவரைச் சாய்க்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் கை எவ்வளவு எழ வேண்டும், இடுப்பு ஏன் திரும்ப வேண்டும் என்று கேட்கவே வேண்டாம். கற்றுத் தேர்ந்தவர்கள் இருவர் எதிரெதிரே நின்று, கையோடு கை ஒட்டி, ஒருவர் எடையை ஒருவர் தொட்டு உணர்ந்து நிலைகுலைக்கப் பார்ப்பார்கள். அந்தப் பயிற்சிக்குத் தள்ளுகை என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். பாதத்தில் கற்ற கவனத்தை அடுத்தவர் உடம்புவரை நீட்டுகிற வேலை அது.

## உடம்புக்கு என்ன செய்கிறது

எல்லா நோயும் போகும் என்று சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். உண்மையில் இருக்கும் சான்றே போதுமான அளவுக்கு நல்லது, அதை ஊத வேண்டியதில்லை.

வீட்டில் வசிக்கும் முதியவர்கள் விழுவதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த 2019-ஆம் ஆண்டின் கொக்ரேன் மதிப்பாய்வு (கொக்ரேன் என்பது மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் சர்வதேச அமைப்பு), தாய் சி விழும் எண்ணிக்கையை 19 சதவீதம் அளவுக்குக் குறைக்கக்கூடும் என்றது, கூடவே அந்தச் சான்றின் உறுதி குறைவு என்றும் சொன்னது. 2012-ல் அமெரிக்காவின் ஒரேகானில், லேசான அல்லது மிதமான பார்க்கின்சன் நோய் உள்ள 195 பேரைத் தாய் சி, எடைப் பயிற்சி, நீட்டல் பயிற்சி என்று பிரித்து, வாரம் 2 முறை, 24 வாரம் செய்யவைத்தார்கள். நிலையாக நிற்கும் திறனில் தாய் சிக் குழுதான் முன்னால் இருந்தது. எடையை மாற்றி மாற்றிப் பழகியவர்களுக்கு எடையை மாற்றும் திறன் கூடியது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. 2016-ல் மூட்டுத் தேய்மானத்தால் முழங்கால் வலி உள்ள 204 பேரிடம் நடந்த ஆய்வில், 12 வாரம் தாய் சி செய்தவர்களும் பிசியோதெரபி பெற்றவர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவு நிவாரணம் பெற்றார்கள்.

உடல் எடையைக் குறைக்க மட்டும் வருகிறீர்கள் என்றால் வேகமான நடையே மேல். மருந்தை நிறுத்திவிட்டு இதைச் செய்யலாமா என்றால், கூடாது.

## தொடங்கும்போது

தட்டையான, மெல்லிய அடி கொண்ட காலணி போதும். தடித்த ஸ்போர்ட்ஸ் ஷூ பாதம் சொல்லும் செய்தியை மறைத்துவிடும். கண்ணை மூடாதீர்கள், பார்வை நேராக இருக்கட்டும். எவ்வளவு தாழ்வாக நிற்பது என்பது உங்கள் முழங்காலின் முடிவு. வலி இருந்தால் உயர்ந்தே நில்லுங்கள், அதனால் பயன் குறைந்துவிடாது. எடை தாங்கிக்கொண்டிருக்கும் பாதத்தைத் தரையோடு திருகுவதுதான் முழங்காலைக் கெடுக்கிறது, அதனால் முதலில் எடையை எடுங்கள், பிறகு பாதத்தைத் திருப்புங்கள். முழங்கால் எப்போதும் கால்விரல் பார்க்கும் திசையையே பார்க்கட்டும். தலைசுற்றல் உள்ளவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு நாற்காலி வைத்துக்கொண்டு தொடங்கலாம். உட்கார்ந்து செய்யும் முறையும் இருக்கிறது.

வீடியோ பார்த்துக் கற்கலாமா? அசைவின் ஒழுங்கைக் கற்கலாம். ஆனால் நீங்கள் எடையை முழுசாக மாற்றினீர்களா என்று வீடியோ பார்த்துச் சொல்லாது. முடிந்தால் ஓர் ஆசிரியரைத் தேடுங்கள். சேர்வதற்கு முன் ஒரு வகுப்பை ஓரமாக நின்று பாருங்கள். அவர் மாணவர்களின் காலைப் பார்க்கிறாரா, முழங்காலைத் திருத்துகிறாரா, ‘இந்த அசைவு எதற்கு’ என்று கேட்டால் செய்து காட்டுகிறாரா என்று பாருங்கள். ஒரு மணி நேரமும் ‘சக்தியை உணருங்கள், சக்தியை உணருங்கள்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு, யாருடைய பாதத்தையும் ஒருமுறைகூடத் திருத்தாதவர் என்றால் வேறு வகுப்பு பாருங்கள்.